கைநாட்டும் கையெழுத்துதான்

எழுதப் படிக்கத் தெரியாதவரைத் 'தற்குறி' என்று ஏளனமாகச் சொல்கிறோம். கையெழுத்துக்குப் பதிலாக அவர் பத்திரத்தில் இடும் அடையாளத்துக்கும் அதே பெயர்தான். சட்டம் அதை ஏளனமாகப் பார்ப்பதில்லை. பெயரெழுத இயலாதவரின் அடையாளமும் கையொப்பமே என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலிலும் குறியிடலாம். அல்லது அவர் சொல்ல, அவர் கண்ணெதிரே வேறொருவர் கையெழுத்திடலாம். சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். 2001-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பத்திரம் பதியப் போகும் பட்டதாரியும் விரல் ரேகை வைத்தாக வேண்டும்.

ஆகவே ரேகை செல்லுமா என்பதல்ல, எந்தக் காகிதத்தில் வைக்கிறோம் என்பதே மும்பையில் நமக்குள்ள கவலை. ஊரில் பத்திர எழுத்தர் தமிழில் உரக்கப் படிப்பார். இங்கே பத்திரம் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கும்.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர். கணவர் காலமானதும் மூத்த மகன் தாள்களை நீட்டினார். சாட்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். மைப்பெட்டியும் திறந்தாயிற்று.

"ஆச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"ரூம் பேரு மாத்தத்தான தம்பி?"

அது விடுதலைப் பத்திரம். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தன் பங்கு முழுவதையும் மூத்தவருக்கு விட்டுக்கொடுப்பதாக வந்த வரியில் ஆச்சி விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "நான் இருக்கிற வரைக்கும் ஒரு மூலை வேணும்லா?"

ஆயுள் வரை அந்த ரூமில் குடியிருக்கும் உரிமையைச் சேர்த்து எழுதிய பிறகுதான் ரேகை விழுந்தது. மகன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

ரேகைக்குப் பக்கத்தில் அது யாருடையது, எந்த விரல் என்று எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில், 'பத்திரத்தை இவருக்குத் தமிழில் படித்து விளக்கினேன். புரிந்துகொண்டு என் முன்னிலையில் ரேகை வைத்தார்' என்று விளக்கியவர் எழுதிக் கையொப்பமிடட்டும். நாளை வழக்கு வந்தால், படித்துக் காட்டியது யார் என்ற கேள்வி நிச்சயம் எழும். வெற்றுத்தாளில் மட்டும் ரேகை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. தமிழில் அழகாகப் பெயரெழுதும் நம் வீட்டுப் பெண்களையும், ஆங்கிலம் தெரியாது என்பதற்காகவே மைப்பெட்டியிடம் அனுப்புகிறார்கள். தமிழில் இட்ட கையொப்பமும் கையொப்பமே. அடுத்த முறை அம்மாவை அழைத்துப் போகும்போது பேனாவைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.