சிவகாசி காலண்டரை யார் வாங்குறாங்க? ஏஐ கிட்ட கேட்டுப் பார்ப்போம்

விளம்பர ப்ரீஃப்பை ஏஐ கிட்ட கொடுத்து, அதிலிருந்து ஆடியன்ஸ் செக்மென்ட் எடுக்கிறது எப்படி வேலை செய்யுது, எங்க கவிழுதுங்கிறதுதான் இந்த எபிசோட். ப்ரீஃப்னா விளம்பரம் கொடுக்கிறவர் என்ன விக்கணும், எங்க விக்கணும், எவ்வளவு செலவு பண்ணலாம்னு எழுதித் தர்றது. பெரிய கம்பெனின்னா நாலு பக்க பிடிஎஃப். நம்ம பக்கம் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். செக்மென்ட்னா கூகுள், மெட்டா மாதிரி தளங்கள்ல "இவங்களுக்கு மட்டும் காட்டு"ன்னு தேர்ந்தெடுக்கிற கூட்டம்.

விருதுநகர் மாவட்டம்னு சொன்னதும் பட்டாசு உதாரணம்தான் வரும்னு நினைச்சிருப்பீங்க. வராது, அதுக்குக் காரணம் இருக்கு. 2018 அக்டோபர் 23 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புல, பட்டாசை ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கூகுள், மெட்டா ரெண்டோட விளம்பர விதிகள்லயும் பட்டாசு தடை செய்யப்பட்ட பொருள். ஆனா ஒரு பட்டாசுக் கடை ப்ரீஃப்பை ஏஐ கிட்ட கொடுத்துப் பாருங்க, இதையெல்லாம் சொல்லாமலே அழகா அஞ்சு செக்மென்ட் போட்டுத் தர வாய்ப்பு இருக்கு. ப்ரீஃப்ல "பசங்களுக்கான கம்பி மத்தாப்பு"ன்னு ஒரு வரி இருந்தா, "6 முதல் 12 வயதுக் குழந்தைகள்"னு ஒரு செக்மென்ட்டும் வந்துடும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களைக் குறிவச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு சொல்லுது. அதனால "இதை இந்தத் தளத்துல விளம்பரம் பண்ணலாமா?"ங்கிற கேள்வியை செக்மென்ட் வேலைக்கு முன்னாடியே, தனியா கேட்டாகணும். ஒரே ப்ராம்ப்ட்ல ரெண்டையும் திணிச்சா, கேட்ட செக்மென்ட்டைக் கொடுக்கிறதுலதான் மாடலோட கவனம் போகும்.

சரி, பட்டாசு வேண்டாம். அதே ஊர்ல இன்னொரு தொழில் இருக்கு. 1920களோட தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், அதுக்கு அச்சகம் வேணும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில்தான் இன்னிக்கு நாடு முழுக்க காலண்டர் அனுப்புது. ஆடிப்பெருக்கு அன்னிக்கு பூஜை போட்டு அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பத்தை வெளியிடுறது சிவகாசி அச்சகங்களோட வழக்கம்.

இந்தத் தொழிலுக்கு நானே ஒரு கற்பனை ப்ரீஃப் எழுதினேன், ஒரு அச்சக ஓனர் வாய்ஸ் நோட்ல பேசுற மாதிரி:

"ஆடி 18க்கு ஆல்பம் ரிலீஸ். டெய்லி காலண்டர், மாத காலண்டர் ரெண்டும் இருக்கு. மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் புது பார்ட்டி பிடிக்கணும். மினிமம் 300 பீஸ். பேர் போட்டுத் தருவோம். பழைய பார்ட்டிக்கு விளம்பரம் வேண்டாம்."

வேற எதுவும் சொல்லாம, "இதுக்கு ஆடியன்ஸ் செக்மென்ட் கொடு"ன்னு மட்டும் ஒரு மாடல்ல கேட்டேன். வந்த பதில்ல மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், ஸ்டேஷனரி பிரியர்கள், வீட்டு அலங்காரத்துல ஆர்வம் உள்ள பெண்கள்லாம் இருந்தாங்க. விளம்பரம் போட வேண்டிய நேரம் டிசம்பர் கடைசின்னு ஒரு ஆலோசனை. எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி செக்மென்ட்: "விருந்து, கொண்டாட்டம் ஏற்பாடு செய்பவர்கள்". பார்ட்டி பிடிக்கணும்னு சொன்னோம்ல!

சிவகாசிக்காரங்களுக்கு இது எவ்வளவு தப்புன்னு உடனே தெரியும். நம்ம வீட்டுச் சுவர்ல தொங்குற டெய்லி காலண்டரை நாம யாரும் காசு கொடுத்து வாங்கல. நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை, அடகுக்கடை, ஃபைனான்ஸ், பாத்திரக்கடைன்னு யாரோ கொடுத்தது. தேதி கிழிக்கிறவர் வேற, பில் கட்டுறவர் வேற. கடைக்காரர் ஆர்டர் கொடுக்கிறது ஆகஸ்ட்ல இருந்து தொடங்குது. டிசம்பர் கடைசியில அச்சகம் பழைய ஆர்டரை அனுப்பி முடிக்கிற அவசரத்துல இருக்கும். அப்போ போய் புது ஆர்டருக்கு விளம்பரம் போட்டா, அந்த வருஷத்து விளம்பரக் காசு போனது போனதுதான். அடுத்த வாய்ப்புக்கு அடுத்த ஆடி வரணும்.

மாடல் ஏன் இப்படிப் பண்ணுது? இந்த மாதிரி கருவிகள் பொதுவா ரெண்டு படியில வேலை செய்யும். முதல் படியில மொழி மாடல் ப்ரீஃப்பைப் படிச்சு பொருள், இடம், வாங்குறவர், காலம், தவிர்க்க வேண்டியவங்கன்னு கட்டம் கட்டமா நிரப்பும். ரெண்டாவது படியில அந்த விவரத்தை ஒரு செக்மென்ட் பட்டியலோட பொருத்தும். ஐஏபி டெக் லேப்னு ஒரு அமைப்பு இதுக்கு ஒரு பொதுப் பட்டியலே வச்சிருக்கு: வயசு, வருமானம் மாதிரி விவரங்கள் ஒரு பக்கம், ஆர்வங்கள் ஒரு பக்கம், என்ன வாங்கப் போறாங்கங்கிறது ஒரு பக்கம். பொருத்துறதுக்கு எம்பெடிங் உதவும். ஒவ்வொரு சொற்றொடரையும் எண்களோட வரிசையா மாத்தி, எது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு கணக்குப் போடுறது. "காலண்டர்" பக்கத்துல "ஸ்டேஷனரி" இருக்கும், "புத்தாண்டு" இருக்கும். "அடகுக்கடை" இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள நெருக்கம் அதுக்குத் தெரியும், யார் யாருக்குக் காசு கொடுக்கிறாங்கங்கிற நெருக்கம் தெரியாது. முதல் படியில "வாங்குறவர்" கட்டத்துக்கு ப்ரீஃப்ல பதில் இல்ல. காலியா விடுறதுக்குப் பதிலா, படிச்ச கோடிக்கணக்கான பக்கங்கள்ல இருந்து சராசரியா ஒரு ஆளை எடுத்து மாடல் அங்க உட்கார வச்சிடுச்சு.

ஆனா தடயம் ப்ரீஃப்லயே இருந்தது. மினிமம் 300 பீஸ். எந்த வீட்டுலயும் 300 காலண்டர் மாட்ட சுவர் கிடையாது. "பேர் போட்டுத் தருவோம்"ங்கிறது ரெண்டாவது தடயம்.

அதனால ப்ராம்ப்ட்டை மாத்தினேன். காசு கொடுக்கிறவர், முடிவு எடுக்கிறவர், பயன்படுத்துறவர் மூணையும் தனித்தனியா எழுதச் சொன்னேன். ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் ஆதாரமா ப்ரீஃப்ல இருக்கிற வரியை ஒரு எழுத்து மாறாம எடுத்துப் போடணும். வரி இல்லன்னா "ஊகம்"னு குறிக்கணும். ப்ரீஃப்ல இல்லாத விவரத்தை கேள்வியா எழுதணும். அதோட "பார்ட்டி என்றால் வாடிக்கையாளர்"னு நாலு வார்த்தைக்கு ஒரு சின்ன அகராதியும் கொடுத்தேன். அப்புறம் மாடல் எடுத்துப் போட்ட வரி உண்மையிலேயே ப்ரீஃப்ல இருக்கான்னு சாதாரண பைத்தான் கோட்ல ஒரு செக். இதுக்கு இன்னொரு ஏஐ தேவையில்ல, ரெண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டாப் போதும். இல்லாத வரியை இருக்கிற மாதிரி எழுதுற பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு, அந்த செக்மென்ட் அங்கேயே கழிஞ்சிடும்.

இப்போ வந்தது வேற மாதிரி. மூணு மாவட்டத்துல சில்லறைக் கடை நடத்துறவங்க, ஆகஸ்ட் முதல். பழைய வாடிக்கையாளர் விலக்கு. நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் "ஊகம்"னு குறிச்சு வந்தது. நியாயமான ஊகம்.

ஊகத்துல இன்னொண்ணும் வந்தது: மதம் பார்த்துப் பிரிக்கிறது. லட்சுமி படத்துக்கு ஒரு கூட்டம், மாதா படத்துக்கு ஒண்ணு, மெக்கா படத்துக்கு ஒண்ணு. ஆல்பத்தை எடுத்துட்டுப் போற ஏஜென்ட் இதைத்தான் பண்றார்னு நீங்க கேட்கலாம். அவர் கடைக்குள்ள நின்னு ஆல்பத்தை விரிக்கிறார், தேர்ந்தெடுக்கிறது கடைக்காரர். ஒருத்தரோட மதம் இதுதான்னு எங்கேயோ இருக்கிற டேட்டாவை வச்சு முடிவு பண்றது வேற விஷயம். மெட்டா 2022 ஜனவரியில மத நடைமுறைகள் சார்ந்த டார்கெட்டிங் வசதிகளை எடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா அது தேவையும் இல்ல. ஆல்பம் மொத்தத்தையும் வீடியோவா காட்டுங்க, யாருக்கு எது வேணுமோ கேட்பாங்க.

ஆளைப் பிரிக்காம இடத்தை மட்டும் பிடிக்கிறதும் ஒரு வழி. 2021 தீபாவளிக்கு கேட்பரி ஷாருக் கானை வச்சு அதைத்தான் பண்ணினாங்க. மெஷின் லேர்னிங்ல அவர் முகத்தையும் குரலையும் மாத்தி, பார்க்கிறவங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற கடைகளோட பேரை அவரே சொல்ற மாதிரி. நம்ம அச்சகத்துக்கும் திண்டுக்கல் கடைவீதி எங்க இருக்குங்கிறது, அங்க கடை வச்சிருக்கிறவரோட ஆர்வங்களை விட உபயோகமான தகவல்.

எண்ணிக்கையையும் பார்த்துக்கணும். மூணு மாவட்டம், கடை ஓனர், அதுலயும் நகைக்கடைன்னு சல்லடையை இறுக்கிக்கிட்டே போனா மிஞ்சுறது சில நூறு பேர்தான். அவ்வளவு சின்னக் கூட்டத்துக்கு விளம்பரத் தளம் சரியா ஓடாது. அதுக்கு ஏஜென்ட் பஸ் ஏறிப் போறதே மேல். மாவட்டம் முழுக்க கடை நடத்துறவங்கன்னு கொஞ்சம் அகலமா வச்சு, "மினிமம் 300 பீஸ், கடைப் பேர் போட்டு"ன்னு விளம்பரத்துலயே எழுதிட்டா, வீட்டுக்கு ஒண்ணு கேட்கிறவங்க தானா ஒதுங்கிடுவாங்க. பழைய வாடிக்கையாளரை விலக்க அவங்க போன் நம்பர்களை சாட்பாட்ல ஒட்டாதீங்க. செக்மென்ட் யோசிக்கிறதுக்கு அது தேவையே இல்ல. விளம்பரத் தளத்துல ஏத்துறதா இருந்தாலும் அவங்க சம்மதம் வேணும்.

கடைசியா, மாடல் கேள்வியா எழுதிக் கொடுத்த மூணு: 300 பீஸும் ஒரே டிசைனா, கலந்து எடுக்கலாமா? பேர் அச்சடிக்கிற செலவு விலையில சேர்ந்ததா? தேனி வரைக்கும் லாரி வாடகை யார் கணக்கு? இந்தப் பதில் ஒவ்வொண்ணும் ஆடியன்ஸையே மாத்தும். கலந்து எடுக்கலாம்னா சின்ன மளிகைக்கடையும் உள்ள வரும். வாடகை கடைக்காரர் தலையிலன்னா தேனியை எடுத்துட வேண்டியிருக்கும். இதுக்கு ஓனருக்குத்தான் திரும்பப் போன் போடணும்.