பதிவுக்குள் பதிவு: பஸ்காலில் மரபுரிமையைப் போலச் செய்தல்

ஒரு வகையின் இயல்புகளை இன்னொரு வகை பெற்றுக்கொள்வது மரபுரிமை எனப்படும். சிமுலா 67 மொழியில் இது இருந்தது. 1970 இல் நிக்லவுஸ் விர்த் வெளியிட்ட பஸ்காலில் இல்லை. ஆயினும் பதிவுகளைக் கொண்டு இதன் பயனைப் பெறலாம்.

உதாரணம்: இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் உண்டு. செக்ரோலுக்கான பதிவுகளைப் பின்வருமாறு அமைக்கலாம்.

தொழிலாளி: பெயர், இலக்கம், வேலைநாட்கள்
கொழுந்தெடுப்பவர்: அடிப்படை (தொழிலாளி வகை), கொழுந்தின் நிறை
பால்வெட்டுபவர்: அடிப்படை (தொழிலாளி வகை), பாலின் அளவு

பொதுப்புலங்களை ஒருமுறையே எழுதியுள்ளோம். பின்னர் ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தைச் சேர்ப்பதாயின் முதற்பதிவில் மட்டும் சேர்த்தாற் போதும். இரு பதிவுகளிலும் தனித்தனியே எழுதியிருந்தால், ஒன்றில் மறந்துவிட நேரலாம். அப்பகுதியினருக்கு அவ்விலக்கமே இராது.

கவனிக்க: வேலைநாட்களை அச்சிடும் துணைச் செய்நிரல் தொழிலாளி வகையையே ஏற்குமெனின், கொழுந்தெடுப்பவர் பதிவை முழுமையாகக் கொடுத்தால் தொகுப்பான் வழுக்காட்டும். அதன் 'அடிப்படை' புலத்தையே கொடுக்க வேண்டும். உண்மையான மரபுரிமையில் முழுமையாகவே கொடுக்கலாம். இதுவே முக்கிய வேறுபாடு.

1989 இல் வெளிவந்த டேர்போ பஸ்கால் 5.5 மரபுரிமையை நேரடியாகவே தந்தது.

பயிற்சி: கங்காணிக்கான பதிவை இதே முறையில் அமைக்குக.