உடைத்தது பிள்ளை, கொடுப்பது யார்?

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருள் ஒருவரது வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி பணியாளிடம் ஒரு பாத்திரத்தில் உணவு கொடுத்தனுப்பினார். அதைக் கண்டு ரோஷங்கொண்ட அந்த வீட்டுக்காரியார் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நபியவர்கள் யாரையும் கடிந்து கொள்ளவில்லை. உடைந்த துண்டுகளையும் சிந்திய உணவையும் தாமே பொறுக்கினார்கள். ஆனால், பணியாளை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. உடைத்தவரின் வீட்டிலிருந்தே நல்ல பாத்திரமொன்றை எடுத்துக் கொடுத்தனுப்பினார்கள். இது புகாரியில் பதிவான ஹதீஸ்.

அன்புச் சகோதரிகளே! உடைத்தவரைத் தண்டிப்பது வேறு; இழப்பை ஈடு செய்வது வேறு. இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, நட்டம் விளைவிக்கும் எண்ணத்துடன், அல்லது விளையும் என அறிந்துகொண்டே பிறர் பொருளை அழிப்பதுதான் குற்றம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. முன்பு 8 ஆக இருந்த இவ்வயதெல்லை 2018இல் உயர்த்தப்பட்டது. பஸ், பாடசாலை போன்ற பொதுச் சொத்துக்களைச் சேதப்படுத்துவோருக்கு 1982ஆம் ஆண்டின் தனிச்சட்டம் கடும் தண்டனை விதிக்கிறது. ஆனால், நட்டஈடு கோரும் சிவில் வழக்குக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை, கவனயீனமே போதும்.

ஷரீஅத் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இதனை ‘ழமான்’ என்பர். தவறுதலாக உடைத்தவருக்குப் பாவமில்லை. எனினும் பொறுப்பு நீங்காது. அதே போன்ற பொருள் கிடைக்குமாயின் அதையும், கிடைக்காவிடின் அதன் பெறுமதியையும் கொடுக்க வேண்டும். பருவமடையாத பிள்ளைக்கும் பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால், அப்பிள்ளைக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்து இழப்பு ஈடு செய்யப்பட வேண்டும் என்பது இமாம்களின் தீர்ப்பு. ஏனெனில், பொருளுக்குரியவரின் ஹக்கு, உடைத்தவரின் வயதால் குறைந்து போவதில்லை.

ஆகவே, மகனின் பந்து பட்டுப் பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தால், “சின்னப் பிள்ளைதானே!” என்று கதவைச் சாத்திக் கொள்ளாதீர்கள். பிள்ளைக்குச் சொத்து இல்லாவிட்டாலும், அவனையும் அழைத்துக்கொண்டு சென்று கண்ணாடியின் விலையைக் கேட்டுக் கொடுங்கள். முடியுமாயின், பெருநாளைக்கு அவனுக்குக் கிடைத்த காசிலிருந்தும் சிறிது சேர்த்துக் கொடுக்கச் செய்யுங்கள். பிறர் பொருளின் பெறுமதி அன்றே அவனுக்கு விளங்கிவிடும்.

“பரவாயில்லை, வேண்டாம்” என்று அவர்கள் சொன்னால் அது அவர்களின் பெருந்தன்மை. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான்; நமக்கல்ல.