ஓடும் படத்தை விரலால் ஆள்வோம்

சேலத்தில் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை இந்நிறுவனத்தின் தயாரிப்புகளே.

அக்காலப் படத்தொகுப்பாளர் 35 மில்லிமீட்டர் படச்சுருளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டுவார். ஓர் அடிச் சுருளில் 16 படச்சட்டங்கள் உண்டு. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஆகவே 3 அடிச் சுருள் சரியாக 2 நொடிகள் ஓடும். ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்கும் உரிமை தொகுப்பாளருக்கு மட்டுமே இருந்தது. கொட்டகையில் அமர்ந்தவருக்கு இல்லை. இன்று அவ்வுரிமை கணிப்பொறியின் விசைப்பலகை வழியாக உங்களிடம் வந்துள்ளது.

எந்த விசை எதற்கு?

2019-ல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் காணலாம். அப்படி ஒரு பாடத்தைக் கணிப்பொறியில் ஓடவிட்டு, வலக்கையின் மூன்று விரல்களை ஜே, கே, எல் விசைகளின் மேல் வையுங்கள். கே விசை படத்தை நிறுத்தும். மீண்டும் அழுத்தினால் ஓட்டும். ஜே விசை 10 நொடி பின்னே கொண்டு செல்லும். எல் விசை 10 நொடி முன்னே கொண்டு செல்லும். 5 என்னும் எண்ணை அழுத்தினால் பாடத்தின் நட்டநடுவுக்குப் போய்விடலாம். ஷிப்ட் விசையுடன் காற்புள்ளி விசையை அழுத்தினால் வேகம் குறையும். முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் வேகம் கூடும்.

படம் நின்றிருக்கும்போது முற்றுப்புள்ளி விசையைத் தனியாக அழுத்துங்கள். படம் ஒரே ஒரு சட்டம் முன்னே நகரும். காற்புள்ளி விசை ஒரு சட்டம் பின்னே நகர்த்தும்.

பின்னே செல்வது ஏன் கடினம்?

படச்சுருளில் ஒவ்வொரு சட்டமும் முழுப் படம். கணிப்பொறிப் படம் அப்படியன்று. இடத்தைச் சேமிப்பதற்காக, இடையிடையே ஒரு சட்டத்தை மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் பெரும்பாலும் மாற்றங்களை மட்டுமே குறித்து வைப்பார்கள். ஆசிரியர் அசைகிறார், கரும்பலகை அசைவதில்லை என்றால், கரும்பலகையைத் திரும்பத் திரும்ப வரைவானேன்?

முன்னே ஒரு சட்டம் செல்லக் கணிப்பொறி அடுத்த மாற்றத்தைச் சேர்த்தால் போதும். பின்னே ஒரு சட்டம் செல்லவோ, முந்தைய முழுப் படத்திற்குத் திரும்பி, அங்கிருந்து ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது சில சமயம் படம் தயங்குவதன் காரணம் இதுவே.

கல்லை விழவிட்டு அளப்போம்

இந்த விசைகள் பாடம் கேட்க மட்டுமல்ல, சோதனை செய்யவும் உதவும். வெயிலில் உள்ள ஒரு சுவரில், 2 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து கீழே 20, 78, 176 சென்டிமீட்டர் தூரங்களில் மேலும் மூன்று கோடுகள் போடுங்கள். கைப்பேசியின் படக்கருவியை நொடிக்கு 30 சட்டம் என அமைத்து, அசையாமல் நிறுத்துங்கள். மேற்கோட்டிலிருந்து ஒரு கூழாங்கல்லை விழவிட்டுப் படம் எடுங்கள். (நாமக்கல் முட்டை வேண்டாம்!)

பின்பு அப்படத்தைக் கணிப்பொறியில் வி.எல்.சி. மென்பொருளில் திறந்து, கல் கையை விட்டு நீங்கும் கணத்திலிருந்து ஈ விசையை அழுத்தி எண்ணுங்கள். ஓர் அழுத்தம் ஒரு சட்டம். அதாவது நொடியில் 30-ல் ஒரு பங்கு. கல் 6-ஆவது சட்டத்தில் முதல் கோட்டையும், 12-ல் இரண்டாவதையும், 18-ல் மூன்றாவதையும் நெருங்கியிருக்கும். நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நேரம் மும்மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு! கலீலியோ கண்டறிந்த விதி இதுவே.

கல் கையை விட்ட கணம் இரு சட்டங்களுக்கு இடையே அமையக்கூடும். ஆகவே அளவுகள் சற்று முன்பின் ஆகலாம். ஐந்தாறு முறை செய்து சராசரி காணுங்கள்.

வகுப்பில் ஒருமுறை சொன்னது புரியாமல் போனால், மறுபடி கேட்கக் கூச்சப்படும் மாணவர் பலர். கே விசையும் ஜே விசையும் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. அவற்றைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்!