மறுமையை நம்பாதவரும் மரணமும்

பிறந்தவர் இறத்தல் உறுதி என்பதை எந்தச் சமயமும் மறுப்பதில்லை. இறந்தபின் நிகழ்வது யாது என்னும் வினாவிலேதான் சமயங்கள் வேறுபடுகின்றன. உயிர் மீண்டும் பிறக்கும் என்பர் சிலர். தீர்ப்பு நாளில் எழும் என்பர் வேறு சிலர். எதை ஏற்றாலும், துயரத்தில் வாடுவோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. பிரிந்தவர் எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு வடிவில் இருக்கிறார் என்று அவர்களால் எண்ண முடிகிறது. இந்த ஆறுதலை ஏற்க மனம் ஒப்பாதவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் இறப்பை எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? மாணவ நண்பர்கள் தம் நம்பிக்கை எதுவாயினும் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

இவ்வெண்ணம் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்ததன்று. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறிகிறாள். அவர்களுள் ஒருவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடுமிடத்துக் கள்ளின் களிப்புத் தோன்றுவது போல, பூதங்கள் கூடுமிடத்து உணர்வு தோன்றும் என்கிறான் அவன். அவை பிரியும்போது, பறையின் ஓசை அடங்குவது போல உணர்வும் அடங்கிவிடும் என்பது அவன் கொள்கை. மறுபிறப்பை அவன் ஒப்பவில்லை. சாத்தனார் பௌத்த நெறியினர். ஆகவே மணிமேகலை அவனை நகைத்து மறுக்கிறாள். ஆயினும் மறுப்பதற்குரிய ஒரு கொள்கையாக அது அன்றே அறியப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்கும்.

கிரேக்க நாட்டில் கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த எபிக்கூரஸ் என்னும் அறிஞர், உயிரும் உடலோடு அழிவதே எனக் கொண்டவர். நாம் இருக்கும் வரையில் இறப்பு வருவதில்லை. அது வந்தபின் வருந்துவதற்கு நாம் இருப்பதில்லை. ஆதலால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் வாதித்தார். தன் சாவை எண்ணி நடுங்குபவனுக்கு இது தக்க விடையாகலாம். ஆனால் தாயை இழந்த மகனுக்கும், மனைவியை இழந்த கணவனுக்கும் இதனால் என்ன பயன்? போனவர் வருந்தவில்லை என்பதை அவர்களும் அறிவர். இருப்பவரின் துயரத்திற்கு என்ன வழி என்பதே அவர்தம் வினா.

இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தவர் தந்தை பெரியார். அவர்தம் துணைவியார் நாகம்மையார் 1933 மே 11 அன்று ஈரோட்டில் காலமானார். அதன்பின் 'குடி அரசு' இதழில் பெரியார் ஓர் இரங்கலுரை எழுதினார். வீடுபேறு, விதி, மேலுலகம் ஆகியவற்றை அவர் துணைக்கு அழைக்கவில்லை. தாம் இழந்தது துணையையா, அடிமையையா, ஊக்கத்தையா என்று தம்மைத் தாமே அடுக்கடுக்காக வினவுகிறார். விடை விளங்கவில்லை என்றே நிறுத்துகிறார். பெண் விடுதலையைப் பிறர்க்கு எடுத்துரைத்த தாம், அதனைத் தம் மனைவியிடத்தில் நடத்திக் காட்டவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பகுத்தறிவாளர் துயரமற்றவர் என்று கருதுவோர் அவ்வுரையைப் படித்துப் பார்த்தல் வேண்டும். மறுமையில் மன்னிப்புக் கேட்கலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இல்லை. ஆதலால் அந்தக் கணக்கை அவர் இம்மையிலேயே, எல்லோரும் அறியத் திறந்து வைத்தார்.

இவர்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. சடங்கு என்பது நம்பிக்கை மட்டுமன்று. துயரத்தில் செயலற்று நிற்போர்க்கு அது ஒரு வேலையும் ஆகும். நீராட்டுதல், கொள்ளி வைத்தல், பால் தெளித்தல், பதினாறாம் நாள் காரியம் என நாள்கள் வகுக்கப்பட்டுள்ளன. எந்த நாளில் யார் வருவார், யார் உடனிருப்பார் என்பது முன்னரே அறிந்த செய்தி. சடங்கை விலக்குவோர் இந்த ஆதரவையும் இழந்துவிடக் கூடும். அதனாலேயே சுயமரியாதைக் குடும்பங்களில் கருமாதிக்கு ஈடாகப் படத்திறப்பு நிகழ்ச்சி வழக்கமாயிற்று. உற்றாரும் நண்பரும் கூடுவர்; மறைந்தவரின் படத்தைத் திறந்து வைத்து, அவர் வாழ்ந்த வாழ்வைப் பேசுவர். மந்திரம் இல்லை, ஆனால் கூட்டம் உண்டு. துயரத்திற்கு வேண்டுவது பெரும்பாலும் அக்கூட்டமே.

பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில் தம் இறுதிச் சொற்பொழிவை ஆற்றினார். டிசம்பர் 24 அன்று, தம் 94ஆம் அகவையில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலமானார். சமயச் சடங்கு எதுவுமின்றி, அரசு மரியாதையோடு சென்னைப் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பெற்றார். இறுதி வாரம் வரையில் தம் வழக்கமான பணியையே அவர் செய்துகொண்டிருந்தார் என்பது கருதத்தக்கது.

உடலையே பயனாக்கிச் சென்றவர்களும் உளர். கேரளத்தில் 1898இல் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர்க் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலும் அறிவியல் கற்பித்தவர். பகுத்தறிவு இயக்கத்தில் புகழ்பெற்றவர். 1978 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவக் கல்லூரிக்கும், பின்னர் எலும்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரியின் அறிவியற்கூடத்திற்கும் அளிக்குமாறு அவர் எழுதி வைத்திருந்தார். மேற்கு வங்கத்தில் 23 ஆண்டுகள் முதலமைச்சராயிருந்த ஜோதி பாசுவின் உடலும், 2010 சனவரியில் அவர் மறைந்தபின், கொல்கத்தாவில் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது.

இதன் பயனை நம் ஊர்களிலேயே காணலாம். 2022 சனவரி 12 அன்று தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பெற்றன; திருவள்ளூர்க் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. அம்மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையிலிருந்து ஒரு மாணவி அங்கே மருத்துவம் பயிலச் செல்வதாகக் கொள்வோம். நரம்பு செல்லும் வழியையும் தசையின் அமைப்பையும் படத்தில் பார்த்தால் மட்டும் போதாது. முதலாண்டு உடற்கூற்றியல் வகுப்பில் ஒரு மனித உடலே அவளுக்குப் பாடநூலாகிறது. அவ்வுடலை அளித்தவர் சமய நம்பிக்கை உடையவராகவும் இருக்கலாம். ஈகை எந்தக் கொள்கைக்கும் தனியுரிமை அன்று. ஆனால் மறுமையை நம்பாதவர்க்கு, தாம் மறைந்தபின் எஞ்சும் பணி என்று காட்ட இஃது ஒரு தெளிவான வழி.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. உயிருடன் இருக்கும்போது ஒருவர் உறுதிமொழி எழுதித் தந்தாலும், இறந்தபின் உடலை ஒப்படைப்பவர் குடும்பத்தாரே. அவர்கள் சடங்கை நம்புகிறவர்களாயின், அந்த வேளையில் எழும் போராட்டம் எளிதன்று. தந்தையின் விருப்பம் ஒரு பக்கம். தாயின் மனம் ஒரு பக்கம். சுற்றத்தாரின் சொல் ஒரு பக்கம். ஆதலால் தம் முடிவை உறுதிமொழித் தாளில் எழுதுவதோடு நில்லாமல், வீட்டாரோடு அமர்ந்து பேசி, அவர்கள் அச்சத்தையும் கேட்டறிந்து வைப்பதே முறை. மறுமையை நம்பாதவர் தம் இறுதி விருப்பத்தை ஒப்படைத்துச் செல்வது உடனிருப்போரிடமே. அவர்களோடு பேசுவதற்குரிய காலம் நலமாயிருக்கும் காலமே.