இணையப் படிம இறுக்கம்

இணையப் படிம இறுக்கம் என்பது, இணையப் பக்கத்தில் இடுவதற்கான படிமத்தின் கோப்பளவை, அதன் தரம் பயன்பாட்டிற்குப் போதுமானதாக இருக்கும்படி குறைக்கும் முறை ஆகும். கோப்பு பெரிதாயின் பக்கம் தாமதமாகத் திறக்கும். மிகுதியாகக் குறைப்பின் படிமம் சிதையும். எந்த அளவு குறைக்கலாம் என்பது படிமத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்தது.

தேவை

1200 × 800 படப்புள்ளிகள் கொண்ட வண்ணப் படிமத்தில், புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் 28,80,000 பைட்டுகள் உள்ளன. நொடிக்கு 56 கிலோபிட்டு வேகமுடைய தொலைபேசி இணைப்பில் இதனைப் பெற ஏறத்தாழ 7 நிமிடங்கள் ஆகும். 1,00,000 பைட்டுகளாக இறுக்கினால் சுமார் 14 நொடிகள் போதும்.

வகைகள்

இழப்பற்ற இறுக்கத்தில் மூலப் படிமத்தை மாற்றமின்றி மீட்கலாம். பி.என்.ஜி (1996) இவ்வகையினது. ஜிஃப் (1987) வடிவமும் இவ்வகையினதே. எனினும் அது ஒரு படிமத்தில் 256 நிறங்களையே ஏற்கும்.

இழப்புள்ள இறுக்கத்தில் சில விவரங்கள் நிலையாக நீக்கப்படுகின்றன. ஜேபெக் (1992) வடிவம் படிமத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்மாற்றங்களை விலக்குகிறது. இதற்கு அடிப்படையான தனிநிலைக் கோசைன் உருமாற்றத்தை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974 இல் வெளியிட்டனர். கூகுள் 2010 இல் அறிமுகப்படுத்திய வெப்பி வடிவம் இன்று இருவகை இறுக்கத்தையும் ஏற்கிறது.

வடிவத் தேர்வு

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒளிப்படத்தில் நீர், கோரை, பறவைகள் எனச் சாயல்கள் படிப்படியாக மாறுகின்றன. இதற்கு ஜேபெக் ஏற்றது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் புறநகர்த் தொடர்வண்டித் தட வரைபடத்தில் சில நிறங்களும் கூரிய கோடுகளுமே இருக்கும். இதனை ஜேபெக்காகச் சேமித்தால் நிலையப் பெயர்களைச் சுற்றி மாசு படியும், பி.என்.ஜி வடிவில் தெளிவாகவும் பெரும்பாலும் சிறிதாகவும் அமையும்.

ஜேபெக் தர எண் விழுக்காடு அன்று. ஒரே எண் வெவ்வேறு மென்பொருள்களில் வெவ்வேறு விளைவைத் தரலாம். ஜேபெக் கோப்பைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால் இழப்பு கூடும். ஆகவே, ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பிலிருந்தே புதிய படியை எடுத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துகள்

வருடப்பட்ட தமிழ்ப் பக்கங்களில் முதலில் மறைவது புள்ளியே. இரண்டு படப்புள்ளி அகலமுள்ள மெய்யெழுத்துப் புள்ளி, படிமத்தை நான்கில் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் பின்னணியுடன் கலந்துவிடும். "பல்" என்பது "பல" எனத் தோன்றும். ஒத்த உருவங்களை ஒன்றாகக் கொள்ளும் இறுக்க முறைகள் மேலும் இடர் மிக்கவை. சில சீராக்ஸ் நகலெடுப்பான்கள் வருடிய ஆவணங்களில் எண்களையே மாற்றியதை 2013 இல் செருமானியக் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் வெளிப்படுத்தினார். அப்பக்கங்கள் தெளிவாகவே தோன்றியதால் பிழை எளிதில் புலப்படவில்லை.

ஆவணக் காப்பகங்கள்

கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைக் கொண்டு 1994 இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தென்சென்னையின் தரமணியில் இயங்குகிறது. பழைய தமிழ் அச்சு நூல்களை நுண்படமாகவும் எண்ணிம வடிவிலும் பாதுகாப்பது இதன் பணிகளுள் ஒன்று. இத்தகைய பணிகளில் இழப்பற்ற மூலப்படியைத் தனியே காத்து, வாசகருக்கு இறுக்கிய படியை வழங்குவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் முறை ஆகும். தாள் பொடிந்தபின் மறுமுறை வருட இயலாது. சிறிய கோப்பில் இழந்த புள்ளியை அம்மூலப்படியிலிருந்தே மீட்க முடியும்.