காருக்கு இரும்புக் கவசம் எதற்கு?

"காரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? அது ஆண்கள் சமாசாரமாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. காரை யார் ஓட்டினாலும் அதற்குள் நம் குழந்தைகள்தானே உட்காருகிறார்கள்?

போன வருஷம் நாங்கள் செகண்ட் ஹாண்டில் ஒரு சின்னக் கார் வாங்கினோம். மாசி மாதம் சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு அதில்தான் போவதென்று ஏற்பாடு. கொழுந்தனார் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணி, அந்த ரோட்டிலே ஆடும் மாடும் குறுக்கே வரும். முன்னாலே கனமா ஒரு இரும்புக் கம்பி கார்டு மாட்டிடுவோம். வேகத்தடையிலே அடி தட்டுது. ஸ்பிரிங் நடுவிலே ரப்பரைச் சொருகித் தூக்கிடுவோம். அப்புறம் பயமே இல்லே" என்றார்.

இவருக்கும் சரியென்று பட்டது. எனக்கோ பரம திருப்தி. பிள்ளைகள் போகிற வண்டி. இரும்பில் வேலி போட்டால் நல்லதுதானே?

பழங்காநத்தத்தில் எங்களுக்கு வெகு நாளாகப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனோம். "இந்த வேலையை நான் செய்ய மாட்டேன் தங்கச்சி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். வருகிற காசை ஒருவர் வேண்டாம் என்கிறாரே!

"ஏண்ணே?" என்று கேட்டேன்.

குடமா, பெட்டியா?

"ஒரு முட்டையைப் பித்தளைக் குடத்துக்குள்ளே போட்டு மாடியிலேர்ந்து கீழே போடுங்க. குடம் லேசா நெளியும். முட்டை?"

"உடைஞ்சு போகும்."

"அதே முட்டையை வைக்கோல் அடைச்ச அட்டைப் பெட்டியிலே வச்சுப் போட்டா, பெட்டி நசுங்கும், முட்டை தப்பிச்சுக்கும். காரு பெட்டியா இருக்கணும் தங்கச்சி, குடமா இருக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

காரின் முன்பகுதி மோதினால் மடங்கி நசுங்க வேண்டும் என்றே அதை அமைக்கிறார்கள். தகடு நசுங்க நசுங்க, மோதலின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு அதிர்ச்சி குறையும். பென்ஸ் கம்பெனியில் இருந்த பேலா பாரெனி என்ற என்ஜினீயரின் யோசனை இது. 1959-ல் அந்தக் கம்பெனியின் கார் ஒன்று இந்த அமைப்போடு விற்பனைக்கு வந்தது. அந்த இடத்துக்கு முன்னால் கனத்த கம்பியை நேராக சேஸிஸோடு முடுக்கிவிட்டால், அடி நசுங்கும் பகுதியைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும்.

இன்னொன்று, காற்றுப் பை. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் டிரைவருக்கு இது கட்டாயம். மோதலின் அதிர்வை ஒரு சென்சார் உணர்ந்து, கண் இமைப்பதற்குள் பையை விரிக்கிறது. கம்பி மாட்டினால் அந்த அதிர்வே மாறிப்போகிறது. விரிய வேண்டிய நேரத்தில் பை தாமதிக்கலாம். சின்ன இடிக்கே வீணாக விரியவும் செய்யலாம்.

உடம்பேதான் சேஸிஸ்

லாரிக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு தனிச் சட்டம் உண்டு. அதுதான் சேஸிஸ். நம் வீட்டுச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படித் தனியாக எதுவும் கிடையாது. தகட்டு உடம்பேதான் சேஸிஸ். பழைய அம்பாஸடர்கூட அப்படித்தான். ஆகையால் கண்ட இடத்தில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் முதுகெலும்பில் கை வைப்பது போல. இப்போதைய கார்களில் சில இடங்களில் உறுதியான தனி ரக எஃகு வைக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் அதன் பலம் குறைந்துவிடும்.

ஸ்பிரிங்கில் ரப்பரைச் சொருகி உயர்த்தினால் வண்டியின் பாரம் மேலே ஏறுகிறது. திடீரென்று ஒடித்துத் திருப்பினால் கவிழும் அபாயம் அதிகம். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதும் தப்பு. பள்ளத்தில் சக்கரம் துள்ளி, பிடிமானம் போய்விடும்.

சட்டமும் சொல்கிறது

முன் கம்பி கார்டுகளை அனுமதிக்கக் கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போதும் சிக்கல் வரலாம். உடல் ஊனமுற்றவர்கள் ஓட்டுவதற்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் முறைப்படி வழி இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

* பழைய கார் வாங்கினால், முன்பு இருந்தவர் மாட்டிய கம்பி, சொருகிய ரப்பர், வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* டயர் மாற்றினால், கம்பெனி சொன்ன அளவிலேயே போடுங்கள். அந்த அளவு டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும்.

* முன் ஸீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். காற்றுப் பை விரிகிற வேகம் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. பின் ஸீட்டில், குழந்தைக்கான தனி ஸீட்டில் உட்கார வையுங்கள்.

* பின்னால் உட்காரும் பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும். கம்பிக்குச் செலவழிக்கிற காசில் குழந்தை ஸீட் வாங்கலாமே!

எங்கள் கார் அடி தட்டியதற்குக் காரணம் தெரியுமா? பழைய ஸ்பிரிங் நான்கும் தளர்ந்திருந்தன. அதே கம்பெனியின் புது ஸ்பிரிங் போட்டதும் சரியாகிவிட்டது.

சிவராத்திரியன்று கோயில் வாசலில், முன்னால் கம்பி மாட்டிய ஜீப் ஒன்று நின்றது. என் நாலு வயதுப் பையன் வேடிக்கை பார்க்க ஓடிப்போய் அதன் முன்னால் நின்றான். கம்பி சரியாக அவன் முகத்துக்கு நேரே இருந்தது. ரோட்டோரத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் அந்த உயரம்தானே என்று நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கொழுந்தனாரும் அதைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொன்னது நல்லதாப் போச்சு அண்ணி" என்றார் மெதுவாக.

உங்கள் வீட்டிலும் யாராவது கம்பி மாட்டலாம் என்றால், அந்தக் குடம்-முட்டைக் கதையைச் சொல்லிப் பாருங்களேன்!